பந்தியில் ஸ்பூன் கேட்ட கை

ஈரோடு,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அம்மாவிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. மகள் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம். பட்டறையில் இப்போது இரண்டு பையன்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் நிச்சயதார்த்தத்தன்று கடைசிப் பந்தியில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் வரைக்கும் சாப்பிட்டாய். ரசம் ஊற்றிப் பிசைந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். பரிமாறுகிறவரை மெதுவாகக் கூப்பிட்டு ஒரு ஸ்பூன் கேட்டாய். நான் என்னவென்று கேட்டதற்கு, "கொஞ்சம் எரியுது, அவ்வளவுதான்" என்று பேச்சை மாற்றிவிட்டாய். உன் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெடிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தது என்று நான் பார்த்தேன். வெடிப்புக்குள் கறுப்பு ஏறி நின்றிருந்தது. சொந்த மகள் விசேஷத்தில் நீ கையால் சாப்பிட முடியாமல் போனது அன்று முழுக்க எனக்கு மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

இன்னும் பெட்ரோலில்தான் கை கழுவுகிறாய் என்று தெரியும். நானும் போன மாதம் வரைக்கும் அப்படித்தான். நாம் இரண்டு பேரும் ஒரே மேஸ்திரியிடம் கற்றவர்கள். ராத்திரி கடை சாத்தும்போது கார்புரேட்டர் கழுவிய பெட்ரோல் டப்பாவை நடுவில் வைப்பார். அவர் முதலில் கையை விடுவார், அப்புறம் நாம். அதற்கு மேல் சோப்புத் தூளும் மரத்தூளும் கலந்து ஒரு தேய்ப்பு. வேறு வழி இருக்கும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்? அவர் கை கடைசி வரைக்கும் மரப்பட்டை மாதிரிதான் இருந்தது. அதைத் தொழிலின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விசேஷம் முடிந்து திரும்பிய வாரம், உதிரிபாகம் கொண்டுவருகிற ஆள் ஒரு பொருளைக் காட்டினார். மெக்கானிக் கைக்கென்றே செய்த தேய்ப்பு பிரஷ். உள்ளங்கையில் அடங்குகிற கட்டை. ஒரு பக்கம் குட்டையான நைலான் தூரிகை, மறுபக்கம் மொட்டு மொட்டாக ரப்பர், ஓரத்தில் நகத்துக்கு என்று ஒரு வரிசை கெட்டியான முடி. விலை 180 ரூபாய். தண்ணீர் மட்டும் போதும், சோப்பே வேண்டாம் என்றார். உன் கை ஞாபகத்தில் இருந்ததால் யோசிக்காமல் வாங்கினேன்.

வாங்கினதைச் சும்மா பயன்படுத்தாமல் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். என்னுடைய பழைய வெள்ளை வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக் கொடுத்தாள். தினமும் கை கழுவி முடித்ததும் அந்தத் துணியில் அழுத்தித் துடைக்க வேண்டும், துணியில் தேதி எழுத வேண்டும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற கை துணியில் என்ன காட்டுகிறது என்று பார்க்கத்தான். வேலையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு நாளும் செயின் ஸ்பிராக்கெட் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, வீல் பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பது இந்த மூன்றையும் நானே செய்தேன்.

முதல் நாள், அந்த ஆள் சொன்னபடி வெறும் தண்ணீரும் பிரஷ்ஷும். ஒன்றும் நடக்கவில்லை. கிரீஸ் ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குப் போனதுதான் மிச்சம். தூரிகை முழுக்க அடைத்துக்கொண்டது. துணியில் ஐந்து விரலும் அச்சு மாதிரி பதிந்தது. மகள் விளக்கம் சொன்னாள். கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பில் கட்டிவைத்ததுதானாம். நாம் பேரிங்குக்கு வைக்கிறதில் பெரும்பாலும் லித்தியம் சோப்பு. அது தண்ணீரில் கரைகிற சோப்பு இல்லை. மழையிலும் சேற்றிலும் ஓடுகிற சக்கரத்தை விட்டுப் போகக் கூடாது என்றுதானே அதைச் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பொருளிடம் போய்த் தண்ணீரைக் காட்டினால் அது எப்படிக் கழன்று வரும்?

இரண்டாம் நாள், கையை நனைத்து, குளிக்கிற சோப்பைப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தேன். பரவாயில்லை. உள்ளங்கை வெளுத்தது, நகக்கண்ணும் விரல் மடிப்பும் கறுப்பாகவே நின்றன. இன்னொன்றையும் கவனித்தேன். நம் பட்டறை போர் தண்ணீர் சுத்த உப்பு. சோப்பு நுரைக்காமல் தயிர் திரிந்தது மாதிரி வெள்ளையாகத் தூரிகையில் ஒட்டியது. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து அப்படித் திரிகிறது. குடத்தில் பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணீரில் அதே சோப்பு நன்றாக நுரைத்தது. இத்தனை வருஷம் சோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோமே, குறை தண்ணீரில் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. உலர்ந்த கையில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. நிதானமாக ஒரு நிமிஷம், விரல் சந்து, நகக்கண் எல்லாம் எண்ணெய் போகிற மாதிரி பிசைந்தேன். கெட்டிக் கறுப்பு இளகி வழிய ஆரம்பித்தது. அதைப் பனியன் வேஸ்ட்டால், அதாவது பனியன் கம்பெனிக் கழிவுத் துணியால், அழுத்தி வழித்துத் துடைத்தேன். பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. அப்புறம் பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு கொஞ்சம், அதையும் தண்ணீர் சேர்க்காமல் தேய்த்தேன். அதற்குப் பிறகுதான் பிரஷ்ஷை எடுத்தேன். நகத்துக்கும் விரல் முட்டிக்கும் மட்டும், லேசான கையால். கடைசியில் தண்ணீர். மொத்தம் நாலு நிமிஷம். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் மட்டும் விழுந்தது. அன்று ராத்திரி ரசம் சாதத்தை வேண்டுமென்றே கையால் பிசைந்து சாப்பிட்டேன். பெட்ரோல் வாடை இல்லாத சோறு, மாப்ளே. எத்தனை வருஷம் ஆகிறது!

எண்ணெய் எண்ணெயை இளக்கும் என்பது நமக்குத் தெரியாததா? பலாப்பழம் அரிகிற கையில் எண்ணெய் தடவாத வீடு உண்டா? பட்டறைக்குள் வந்ததும் அதை மறந்துவிட்டோம்.

பிரஷ்ஷைப் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், அது செய்கிற வேலை கால் பங்குதான். ஆனால் அந்தக் கால் பங்கை வேறு எதுவும் செய்யாது. நகக்கண்ணில் துணி போகாது, விரல் ரேகைக்குள் மரத்தூள் போகாது. நைலான் முடி போகிறது. ரப்பர் மொட்டால் எந்தப் பயனும் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு பையன் பழக்க தோஷத்தில் அதைப் பெட்ரோல் டப்பாவில் முக்கிவிட்டான். மறுநாள் காலையில் ரப்பர் உப்பிப் பிசுபிசுவென்று ஆகியிருந்தது. தூரிகைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பாத்திரக் கடையில் 30 ரூபாய்க்கு ஒரு நகம் தேய்க்கிற பிரஷ் வாங்கிப் பார்த்தேன். முடி கொஞ்சம் மென்மை, வேலை அதே. இப்போது பட்டறையில் ஆளுக்கொரு பிரஷ், ஆணியில் தொங்குகிறது. கையில் வெட்டுக்காயம் இல்லாத நாள் நமக்குக் கிடையாது, ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் எடுப்பது நல்லதில்லை. அவரவர் பிரஷ்ஷில் அவரவர் நிறத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறோம்.

நீ கம்பி நாரால் தேய்ப்பாயே, அதைத் தயவுசெய்து விட்டுவிடு. அது கண்ணுக்குத் தெரியாத கீறல் போடுகிறது. அதன் வழியாகக் கழிவு ஆயில் இன்னும் சுலபமாக உள்ளே போகிறது.

கழிவு ஆயில் பற்றி நான் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்த இல்லை, எனக்கே தூக்கம் வரவில்லை, அதனால்தான். புது ஆயில் அவ்வளவு கெடுதல் இல்லை. என்ஜினுக்குள் ஓடி, எரிந்து, கரி சேர்ந்து கறுத்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்துவிடுகின்றன. சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெய்களை, மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பிரிவிலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷையர் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரத்து எண்ணெய் கால்சட்டையில் ஊறி ஊறி, தொழிலாளர்களுக்கு விதைப்பையில் புற்று வந்திருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஆயில் துடைத்த வேஸ்ட்டை நீ எப்போதும் பேண்ட் பாக்கெட்டில்தான் செருகுவாய். நானும்தான். இப்போது பெஞ்சில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன், வேஸ்ட் அதற்குள்தான் போகும்.

பெட்ரோல் கதையும் அதேதான். தோலில் இருக்கிற இயற்கையான எண்ணெய்ப் பசையை அது உருவிவிடுகிறது. தோல் காய்கிறது, வெடிக்கிறது, வெடிப்பில் கறுப்பு ஏறுகிறது, கறுப்பு போகவில்லை என்று மறுபடி பெட்ரோல். அதில் பென்சீன் வேறு இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டுத் தரப் பெட்ரோலில்கூட 1 சதவீதம் வரைக்கும் அனுமதி உண்டு. ரத்தப் புற்றுக்குக் காரணமாகும் என்று உறுதியான பொருள் அது. தோல் வழியாகவும் போகும், மூச்சிலும் போகும்.

மகள் இன்னொன்று தேடிப் படித்துச் சொன்னாள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊர், ரப்பர் தொழிற்சாலைகள் நிறைந்தது. அங்கே வேலை செய்த கோல்டி லிப்மன் என்ற பெண்ணும் கூட இருந்தவர்களும் கையில் ஏறிய கரியையும் கிராஃபைட்டையும் போக்க மண்ணெண்ணெயிலும் பென்சீனிலும் கை கழுவியிருக்கிறார்கள். தோல் நாசமாகியிருக்கிறது. அவரும் அவர் கணவர் ஜெர்ரியும் ஒரு வேதியியல் பேராசிரியரின் உதவியோடு, கழுவ வேண்டாத, துடைத்தெடுத்தால் போதும் என்கிற களிம்பு ஒன்றைச் செய்து, 1946இல் கோஜோ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். கொரோனா காலத்தில் பேர் அடிபட்ட ப்யூரெல் சானிடைசரும் பிற்பாடு அந்தக் கம்பெனி செய்ததுதான். யாரோ ஒரு கணவன் மனைவி நம் மாதிரிக் கைகளைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. அந்த மாதிரிக் களிம்பு இங்கேயும் கிடைக்கிறது, விலைதான் கூடுதல். உன் லாரி வேலைக்கு, அதாவது சக்கரத்து ஹப் இறக்குகிற அன்றைக்கு, ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டால் தப்பில்லை.

சோப்புத் தூளையும் குறைத்துக்கொள். துணிக்குச் செய்தது அது. காரத் தன்மை அதிகம், தோலோ இயல்பிலேயே லேசான புளிப்புத் தன்மை உடையது. எங்கள் வீட்டில் அரப்பு இருக்கிறதே, எண்ணெய்க் குளியலுக்கு வைத்திருப்பது, அதையும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய்க்குப் பிறகு அரப்பு போட்டால் கை மெத்தென்று இருக்கிறது. கறுப்பு மட்டும் திரவ சோப்பு அளவுக்குப் போகவில்லை. பெரிய வேலை இல்லாத நாளுக்குப் போதும்.

காலையில் வேலை தொடங்குவதற்கு முன் சோப்புக் கட்டியை நகத்தால் நன்றாகச் சுரண்டிக்கொள். நகத்துக்கடியில் சோப்பு ஏறிவிட்டால் கிரீஸுக்கு அங்கே இடம் இருக்காது. சாயங்காலம் தண்ணீர் பட்டதும் தானாக வந்துவிடும். பிரஷ்ஷுக்குப் பாதி வேலை மிச்சம். ஆயில் மாற்றும்போது நைட்ரைல் கையுறை போடுகிறேன். ஆனால் செயின் ஓடும்போது, சக்கரம் சுற்றும்போது மட்டும் கழற்றிவிடுகிறேன். உறை அதில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். பையன்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

வெடிப்பு ஆறுகிற வரைக்கும் ராத்திரி படுக்கும்போது வாஸ்லின் தடவிப் பருத்தித் துணி சுற்றிக்கொள். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் தோல் டாக்டரைப் பார். கரப்பான் என்கிற தோல் நோயாக இருந்தால் நாம் வீட்டில் செய்வதெல்லாம் போதாது. சும்மா தள்ளிப்போடாதே.

வியாழக்கிழமை நாமக்கல் வருகிற லாரியில் ஒரு பார்சல் ஏற்றிவிடுகிறேன். மூன்று பிரஷ், உனக்குச் சிவப்பு டேப். ஒரு கிலோ அரப்பு, வீட்டிலேயே காயவைத்து அரைத்தது. அந்த வேட்டித் துணிகளையும் வைக்கிறேன், தேதி வாரியாகப் பார். ஏழெட்டு வெறும் துணிகளும் இருக்கும். அவற்றில் உன் கையைத் துடைத்து, தேதி போட்டு, அதே லாரியில் திருப்பி அனுப்பு. மகள் காத்திருப்பாள், நானும்தான்.

கல்யாணத் தேதி குறித்ததும் சொல். இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன்.

என்றும் உன்,
பழைய பட்டறைத் தோழன்