மடக்கும் மின்சைக்கிள் வாங்கும் முன் தூக்கிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஆர்.வி. (படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களைச் சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை, கேம்ப்கிரவுண்ட் முன்பதிவு, வண்டிக்குள் சமையல் என்று எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் மடக்கும் மின்சார சைக்கிள் ஒன்றை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டால் சௌகரியம் என்று ஒரே வரியில் அந்த விஷயத்தை முடித்துவிட்டார்கள். அந்த வரியை நம்பி யாராவது ஆயிரம் டாலரை எடுத்து நீட்டிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். நானும் மனைவியும் டெக்சாஸில் இருக்கிறோம், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, ஆர்.வி.யில் போகும்போதெல்லாம் சைக்கிள் கூடவே வரும்.

சைக்கிள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆர்.வி.யை ஓர் இடத்தில் நிறுத்தி, மட்டம் பார்த்து, தண்ணீர்க் குழாய், கரண்ட், கழிவுக் குழாய் எல்லாம் மாட்டி முடித்தபிறகு பால் வாங்கவோ வரைபடம் வாங்கவோ அதைக் கிளப்பிக்கொண்டு போக முடியாது. அதற்கு மேல், சில இடங்களுக்குள் ஆர்.வி. போகவே முடியாது. கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் மலைமேல் ஏறும் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் ஹெர்மிட் சாலை 7 மைல், மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் கார்களை விடமாட்டார்கள், பஸ்ஸில் போகலாம் இல்லாவிட்டால் சைக்கிளில் போகலாம். சைக்கிளில் போனால் ஒவ்வொரு வியூ பாயின்ட்டிலும் நம் இஷ்டத்துக்கு நிற்கலாம், அடுத்த பஸ்ஸுக்கு வரிசையில் காத்துக்கிடக்க வேண்டாம். அந்தச் சாலை மேடும் பள்ளமுமாக, கடல்மட்டத்திலிருந்து 6,500 அடிக்கு மேலே ஓடுவது. எங்கள் வயதில் மோட்டார் உதவி இல்லாமல் அங்கே மிதித்தால் மூச்சு வாங்கிவிடும்.

சரி, எதை வாங்குவது? எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை மைல் ஓடும், எவ்வளவு வேகம் போகும், எத்தனை வாட் என்பதுதான். கடைக்காரரும் அதைத்தான் சொல்லுவார். நான் சொல்வேன், முதலில் எடையைக் கேளுங்கள், கேட்டதோடு விடாமல் கடையிலேயே அதை மடக்கித் தூக்கிப் பாருங்கள், உங்கள் வீட்டில் யார் அதை ஓட்டப்போகிறார்களோ அவரையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் என்றால், மடக்கினால் சைக்கிளின் நீளம்தான் குறையும், எடை ஒரு கிராம்கூடக் குறையாது. இங்கே நிறையப் பேர் வாங்கிய லெக்ட்ரிக் எக்ஸ்பி 3.0 மாடல் 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. நல்ல சைக்கிள்தான், விலைக்கு ஏற்ற பொருள்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் 25 கிலோ அரிசி மூட்டையைக்கூட அணைத்துப் பிடித்துத் தூக்கிவிடலாம், மடக்கிய சைக்கிளில் பிடிக்க ஓர் இடம் கிடையாது. தூக்கும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கம் சாயும், முன்சக்கரம் தானாகத் திரும்பும், பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வந்து இடிக்கும், செயின் மசி பேண்ட்டில் அப்பிக்கொள்ளும். இந்த நிலையில் அதை ஆர்.வி.யின் ஒடுக்கமான இரும்புப் படியில் ஏற்ற வேண்டும், அல்லது குனிந்து அடித்தட்டுப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தூக்கினால் மூன்று மூன்றரை கிலோ குறையும், அதைக் கட்டாயம் செய்யுங்கள். இருந்தாலும் மிச்சம் 25 கிலோவுக்கு மேல் இருக்கும். கேம்ப்கிரவுண்டில் பக்கத்து இடத்தில் இருந்த ஒரு தம்பதி இப்படிப்பட்ட இரண்டு சைக்கிளை வெளியே எடுப்பதற்கே அலுத்துப்போய், மூன்று நாளும் அவற்றைத் தொடாமலே கிளம்பிப் போனதைப் பார்த்தேன்.

அதே நிறுவனத்தின் எக்ஸ்பி லைட் 2.0 மாடல் 49 பவுண்டு, 22 கிலோ. கியர் கிடையாது, சஸ்பென்ஷன் கிடையாது, ஆனால் மனைவியால் ஒரு பக்கம் பிடித்துத் தூக்க முடிகிற எடை. பிராம்ப்டன் நிறுவனத்தின் எலெக்ட்ரிக் சி லைன் இன்னும் இலகு, பேட்டரியோடு சேர்த்துச் சுமார் 17 கிலோ, பேட்டரிப் பை தனியாகக் கழன்றுவிடுவதால் தூக்க வேண்டியது 15 கிலோவுக்குள்தான் வரும். மடக்கினால் சின்னக் கட்டாகிவிடும், கேம்பர் வேன் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் விலை மூவாயிரம் டாலருக்கு மேல், சக்கரமும் 16 அங்குலம்தான், சரளைக்கல் பாதையில் கையெல்லாம் அதிரும். தார்ச்சாலையும் பூங்காப் பாதையும் போதும் என்பவர்களுக்குச் சரி. கேம்ப்கிரவுண்ட் மண்பாதையில்தான் அதிகம் ஓட்டுவோம் என்றால் 20 அங்குலச் சக்கரம், இரண்டு முதல் மூன்று அங்குல அகலத்தில் டயர், அதுதான் நடுவாந்தரம். நாலு அங்குல டயர் பார்க்க கம்பீரமாக இருக்கும், எடையும் அதற்கேற்றபடி ஏறும். மணலிலும் பனியிலும் ஓட்டாதவர்களுக்கு அது எதற்கு?

உள்ளே இடமில்லை, பின்னால் ரேக்கில் மாட்டிக்கொள்கிறோம் என்பார்கள். இதில்தான் அதிக ஆபத்து. இழுத்துச் செல்லும் டிரெய்லர்களின் பின்னால் சதுரமான பம்பர் ஒன்று இருக்கும், உள்ளே வெறும் குழாய், கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைப்பதற்கு ஆகும், ஸ்டெப்னியைத் தாங்கும், அவ்வளவுதான். அதில் இரண்டும் சேர்ந்து 130 பவுண்டு வரும் சைக்கிள்களும் அவற்றைத் தாங்கும் ரேக்கும் மாட்டினால், குண்டும் குழியுமான சாலையில் குதித்துக் குதித்து வெல்டிங் விட்டுப்போகும். காருக்கென்று செய்த ரேக்குகளில் பலவற்றை ஆர்.வி.யில் மாட்டக் கூடாது என்று தயாரித்தவர்களே எழுதியிருப்பார்கள். வண்டியின் பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி காரைவிடப் பல மடங்கு மேலும் கீழும் ஆடும் என்பதுதான் காரணம். ஆர்.வி.க்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா, ஒரு சைக்கிளுக்கு எத்தனை பவுண்டு தாங்கும் என்று போட்டிருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். எங்களுக்கு ரேக் விற்க வந்தவர் எதையும் தாங்கும் என்று வாயால்தான் சொன்னார், கையேட்டைப் பிரித்துப் பார்த்தால் ஆர்.வி. கூடாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.

டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கக் கொக்கியில் இறங்க வேண்டும். பின்னால் பாரம் ஏற்றினால் முன்பக்கம் இலகுவாகிவிடும், நெடுஞ்சாலையில் பெரிய லாரி தாண்டிப் போகும்போது டிரெய்லர் பாம்பாக நெளிய ஆரம்பிக்கும். இரண்டு சைக்கிளுக்காக இந்த வம்பு வேண்டாம். இழுக்கும் பிக்கப்பின் பெட்டியில் மடக்கிப் படுக்க வைத்துக் கட்டிவிடலாம், மடக்குச் சைக்கிள் வாங்குவதே அதற்குத்தானே. எங்கே வைத்தாலும் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேட்டரி. 60 மைல் ஓடும், 80 மைல் ஓடும் என்கிற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு வாட்-மணி, அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சாரம், எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வந்துவிடும். 48 வோல்ட், 10.4 ஆம்பியர்-மணி என்றால் ஏறக்குறைய 500. மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் முறுக்கினால் மைலுக்கு 20, 25 வாட்-மணி போகும், கூடவே மிதித்தால் அதில் பாதிதான். ஆக 500 வாட்-மணியில் சும்மா உட்கார்ந்து போனாலே 20 மைல் கிடைக்கும். கேம்ப்கிரவுண்டிலிருந்து விசிட்டர் சென்டர், அங்கிருந்து ஏரிக்கரை, திரும்பி வருவது என்று ஒரு நாளில் பத்து மைல் தாண்டுவதே அதிகம். 350 முதல் 500 போதும், அதற்கு மேல் வாங்கினால் எடையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

கரண்ட் வசதி உள்ள இடத்தில் தங்கினால் சார்ஜ் போடுவதில் பிரச்சினை இல்லை. காட்டுக்குள், கரண்ட் இல்லாத இடத்தில் தங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்: வண்டியில் இருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி சாதாரண ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அது 600 வாட்-மணி. இன்வெர்ட்டரிலும் சார்ஜரிலும் வீணாவதைச் சேர்த்தால் ஒரே ஒரு சைக்கிள் பேட்டரியை நிரப்ப அத்தனையும் போய்விடும். ராத்திரி விளக்குக்கும் ஹீட்டர் விசிறிக்கும் என்ன செய்வது? லித்தியம் பேட்டரியும் 200 வாட் சோலார் பலகையும் இருந்தால் வெயில் நேரத்தில் சமாளிக்கலாம், நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 800 வாட்-மணி அளவில் வரும். சார்ஜர் இழுப்பது 100 வாட் சொச்சம்தான், ஆகவே சின்ன இன்வெர்ட்டர் போதும், ஆனால் ஐந்து மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். பகலில் போடுங்கள், ராத்திரி வேண்டாம்.

ராத்திரி வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் கரண்ட் கணக்கு மட்டும் காரணமில்லை. ஆர்.வி.யில் பெரும்பாலும் ஒரே கதவு, மற்றபடி அவசர ஜன்னல் ஒன்று. சைக்கிளையோ சார்ஜரையோ வைக்க இருக்கும் இடமும் பெரும்பாலும் அந்தக் கதவு ஓரம்தான். லித்தியம் பேட்டரி பற்றினால் நிமிடங்களில் புகை நிரம்பிவிடும், வெளியேறும் வழியிலேயே தீ இருக்கும். நியூயார்க் நகரத்தில் இப்படிப்பட்ட தீ விபத்துகளில் உயிர்கள் போனபிறகுதான் 2023-ல் சட்டம் போட்டார்கள், யு.எல். 2849 என்ற பாதுகாப்புத் தரச்சான்று இல்லாத மின்சைக்கிளை அங்கே விற்க முடியாது. நீங்கள் எந்த மாநிலத்தில் வாங்கினாலும் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், பேட்டரிக்குத் தனியாக யு.எல். 2271. இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வேறு சைக்கிளின் சார்ஜரைச் செருகாதீர்கள், கீழே விழுந்து அடிபட்ட பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், உறைநிலைக்குக் கீழே குளிரில் கிடந்த பேட்டரியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இங்கே மின்சைக்கிளுக்கு மூன்று வகுப்புகள் உண்டு. மிதித்தால் மட்டும் மோட்டார் உதவி, 20 மைல் வேகம் வரை என்றால் கிளாஸ் 1. த்ராட்டில் இருந்து 20 மைல் என்றால் கிளாஸ் 2. மிதித்து 28 மைல் வரை என்றால் கிளாஸ் 3. 2020 டிசம்பரில் வந்த தேசியப் பூங்கா விதிப்படி எந்தப் பாதையில் எதை விடலாம் என்பதை அந்தந்தப் பூங்கா நிர்வாகமே முடிவு செய்கிறது. மெய்ன் மாநிலத்தில் அகேடியா பூங்காவுக்குள் கோடீஸ்வரர் ராக்கபெல்லர் ஜூனியர் போட்ட 45 மைல் குதிரை வண்டிப் பாதைகள் இருக்கின்றன, மோட்டார் வண்டி கிடையாது, கல்பாலங்களும் மரநிழலுமாக அவ்வளவு அழகு, சைக்கிளில் போகவே போட்டதுபோல இருக்கும். அங்கே கிளாஸ் 1 மட்டும்தான். மடக்கு வகையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் த்ராட்டில் வைத்தவை, கிளாஸ் 2, அங்கே உள்ளே விடமாட்டார்கள். எங்கே போகப்போகிறீர்களோ அந்தப் பூங்காவின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எல்லை தாண்டிக் கனடா போகிறவர்கள், அங்கே 500 வாட், மணிக்கு 32 கிலோமீட்டர்தான் வரம்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. நடுக்கம்பி தாழ்ந்த சட்டமாக வாங்குங்கள், மூட்டுவலிக்காரர்களுக்கும் சுடிதார் போடுகிறவர்களுக்கும் அதுதான் வசதி. ஏறுவதற்கு முன் மடக்குக் கீலின் பூட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள், வழியில் அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்திருக்கும். பெரும்பாலான மாடல்களில் பின்சக்கரத்தில் மோட்டார் இருப்பதால் பஞ்சர் ஆனால் சாதாரண சைக்கிள்போல உடனே கழற்ற வராது, நட்டுக்கு ஏற்ற ஸ்பேனரும் மாற்று டியூபும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களுக்கு. இங்கே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்துப்போய், மடக்கினால் பெட்டி அளவுதானே, திரும்பும்போது சென்னைக்குக் கொண்டுபோய்விடலாமா என்று கேட்கிறார்கள். விமானத்தில் பயணிகள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 100 வாட்-மணி, விமான நிறுவனம் அனுமதித்தால் 160 வரை. இந்தச் சைக்கிள் பேட்டரி பெரும்பாலும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும், கைப்பையிலும் போகாது, செக்-இன் பெட்டியிலும் போகாது. பேட்டரி இல்லாத சைக்கிளை மட்டும் கொண்டுபோய் அங்கே அதற்குப் பொருந்தும் பேட்டரி தேடி அலைவதைவிட, ஊரிலேயே கிடைப்பதில் ஒன்றைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
டெக்சாஸ், அமெரிக்கா