சுருக்குக் கம்பிக்கு ஒரு சட்டம் வேண்டும்: வனஜீவராசிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு சிறுத்தை கம்பியில் மாட்டிச் செத்தது உங்களுக்குத் தெரியும். அறிக்கை வந்திருக்கும், கோப்பிலும் போட்டிருப்பீர்கள்.

காலையில் கொழுந்தெடுக்கப் போன பெண்கள்தான் சத்தம் கேட்டு ஓடிவந்து சொன்னார்கள். வயிற்றைச் சுற்றிக் கம்பி. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிள்தான், எந்தக் கடையிலும் கிடைப்பது. மிருக வைத்தியர் மயக்க ஊசியோடு மலையேறி வந்து சேரப் பிற்பகலாகிவிட்டது. அதுவரைக்கும் அது தேயிலைச் செடியைக் கடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி விழ, இழுக்க இழுக்கக் கம்பி இறுகிக்கொண்டே போனது. வெளியே பெரிய காயம் இல்லை, உள்ளேதான் எல்லாம் சிதைந்துவிட்டது என்றார் வைத்தியர். அவரைக் குறை சொல்லவில்லை, ஒரு மனிதர் எத்தனை மலைக்கு ஓடுவார்? அன்று அந்த மலையில் யாருக்கும் கொழுந்து நிறை வரவில்லை. அரைப் பேர்தான் போட்டார்கள், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

2020 மே மாதம் நல்லதண்ணி, வாழைமலையில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் கம்பியோடு கிடந்ததே, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லையே, அப்போது நாடே அழுதது. அப்புறம்? ஆகஸ்ட் 1ஐச் சிறுத்தை தினமாக அறிவித்தோம். நல்லது. கம்பிதான் அப்படியே இருக்கிறது.

1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையைக் கொல்லக்கூடாது என்கிறது, சரி. 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை அடித்துக் கொன்றவர்களின் முகம் வீடியோவில் இருந்தது, கைது செய்தீர்கள். கம்பி வைத்தவனோ வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான். அகப்பட்டாலும் "பன்றிக்குத்தான் ஐயா வைத்தேன்" என்பான். அதனால்தான் கேட்கிறோம்: சுருக்குக் கம்பி செய்வதும், கையில் வைத்திருப்பதும், கட்டுவதும், எந்த மிருகத்துக்கு என்றாலும், யாருடைய காணியில் என்றாலும், கடும் தண்டனைக்குரிய குற்றம் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள். தோட்டக் காணி என்றால் நிர்வாகமும் பதில் சொல்லட்டும்.

பன்றித் தொல்லை எங்களுக்கும் தெரியும், லயத்துக்குப் பின்னால் போட்ட நாலு பாத்தி மரக்கறியும் ஒரே இரவில் போய்விடும். ஆனால் இங்கே கட்டுகிற கம்பியில் பாதி இறைச்சி விற்கத்தான், வாங்குகிறவர்கள் வாகனத்தில் வருகிறார்கள். சிறுத்தை பாய்ந்து தோள் கிழிந்த தொழிலாளியோ நட்டஈட்டுக்காகக் கந்தோர் கந்தோராக அலைகிறார். யால தேசியப் பூங்காவில் ஒரு வால் தெரிந்தால் ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. எங்கள் மலைச் சிறுத்தையைப் பார்க்க டிக்கட் இல்லை, அதனால் மதிப்பும் இல்லை போலிருக்கிறது. எங்களுக்கும்தான்.

சரி, கோபத்தை விடுகிறேன். தயவுசெய்து அந்தத் திருத்தத்தைக் கொண்டுவாருங்கள், சுருக்குக் கம்பியை வைத்திருப்பதே குற்றம் என்று ஆக்குங்கள். அட்டன் பக்கம் நிரந்தரமாக ஒரு மிருக வைத்தியரையும் தாருங்கள். பாராளுமன்றத்துக்கு எப்போது வரும் என்று ஒரு திகதி சொன்னால் இப்போதைக்குப் போதும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன்