கவரைப் பிரிக்காமல்

அன்புள்ள அம்மிணிக்கு,

நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

ஃபேஸ்புக்கில் அரசியல் எழுதாதீங்கப்பா, எழுதினாலும் என் பேரை டேக் பண்ணாதீங்க என்று சொன்னாய். சரி, எடுத்துவிட்டேன். 2025இல் நம் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியைப் பற்றி நான் எழுதியது, அதற்கு உன் மாமா காரசாரமாகப் போட்ட கமென்ட், எல்லாம் போயாச்சு. மறுநாள் பார்த்தால் குடும்ப குரூப்பில் இருந்தும் நீ வெளியேறியிருக்கிறாய். அது ஏன் என்று நான் கேட்கவில்லை. காகிதமானால் உனக்குத் தொந்தரவில்லை என்றுதான் தபாலில் எழுதுகிறேன். அமெரிக்கா சுங்க விதியை மாற்றியதில் 2025 ஆகஸ்டில் இருந்து அங்கே போகிற தபாலே நின்று போய், அக்டோபர் 15ஆம் தேதிதான் திரும்ப ஆரம்பித்தது. அதுவரை இந்த வழியும் அடைத்துக் கிடந்தது.

உன்னைக் குறை சொல்லவில்லை. பேப்பர் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2019 முதலே அமெரிக்க விசா படிவத்தில் ஐந்து வருஷத்துச் சமூக வலைத்தளக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 ஜூனில், மாணவர்கள் தங்கள் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். அந்த டிசம்பர் 15 முதல் உன்னைப் போல வேலைக்குப் போன எச்-1பி விசாக்காரர்களுக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாக்காரர்களுக்கும் அதேதான். தை மாதம் நீ ஊருக்கு வந்து விசா ஸ்டாம்பிங் முடித்துப் போவதாக இருந்தது. அப்பாயின்ட்மென்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள், அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் மாட்டிக்கொள்வேன் என்றாய். நியாயம்தான். அம்மாவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று ஞாபகம் இருக்கிறதா? 2013இல் அந்த ஸ்னோடென் பையன் அமெரிக்க உளவுத் துறையின் வண்டவாளத்தை எல்லாம் வெளியே கொட்டினான். ஜெர்மனி சான்சலரின் போனையே ஒட்டுக்கேட்டதாகச் செய்தி வந்தது. நீ அப்போது காலேஜ். "மடியில கனமில்லாதவங்களுக்கு வழியில என்ன பயம்ப்பா" என்று என் வாயை அடைத்தாய். இன்றைக்கு நீதான் உட்கார்ந்து பழைய ஃபோட்டோவுக்கு யார் என்ன கமென்ட் போட்டார்கள் என்று தேடித் தேடி அழித்துக்கொண்டிருக்கிறாய். நானாவது ரிட்டயர்ட் ஆன ஆள், எழுதிவிட்டுப் போவேன். எட்டாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கிய பெண் வாயை மூடிக்கொண்டிருப்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

நம் ஊரும் லேசுப்பட்டதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். 2023இல் கொண்டு வந்த அஞ்சல் சட்டத்தில், நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் காட்டித் தபாலைப் பிரிக்கலாம் என்று இருக்கிறது. 1898ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்திலும் அதற்கு வழி இருந்ததுதான். ஆட்சி யாருடையதானாலும் அந்த ஆசை மட்டும் போகாது.

மாமா கம்பெனியில் நைட் ஷிப்ட் இல்லை. கட்டிங் முடிந்த துணி பண்டல் பண்டலாக அப்படியே கிடக்கிறது. பையர் பதில் போடவில்லை. எல்லாம் அந்த வரியால்தான்: முதலில் 25 சதவீதம், ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்கு அபராதமாக இன்னொரு 25 என்று போட்டார்கள். நம்மைவிட அதிகமாக வாங்குகிற சீனாவுக்கு அந்த அபராதம் போடவில்லை. டீக்கடையில் இதைப் பேசாத ஆள் இல்லை. எளியவனைத்தான் அடிக்க முடியும் என்கிறார் மாமா. நான் சொல்வது வேறு: சீனாவிடம் அமெரிக்காவுக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது, நம்மிடம் இருப்பது பனியன். அதனால்தான் சொல்கிறேன், கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள். கார்டை நம்பி இருக்காதே.

உங்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவதை நடுவில் யாரும் படிக்க முடியாதாம். இருக்கட்டும். யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை தரம் என்பதாவது அந்தக் கம்பெனிக்குத் தெரியும் அல்லவா? என்னைப் போன்ற தபால்காரனுக்கு அது போதும். சர்வீஸில் ஒரு கவரையும் நான் பிரித்ததில்லை. ஆனால் என் பீட்டில், நான் தபால் கொடுத்த தெருக்களில், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் வீதியில் ஒரு வீடு, பையன் சவுதியில். மாசம் தவறாமல் கவர் வரும். மூன்று மாசம் ஒன்றுமில்லை. அப்புறம் அதே கையெழுத்தில் ஒன்று வந்தது, பம்பாய் முத்திரையோடு. வேலை போய் இந்தியாவுக்கே வந்துவிட்டான், வீட்டுக்கு வர வெட்கம். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சவுதியில் இருந்துதானே என்று என்னைக் கேட்டது. ஆமாம் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ சனி, ஞாயிறில்தான் கூப்பிடுவாய். இப்போது செவ்வாய், புதன் என்று ராத்திரி பத்தரைக்குக் கூப்பிடுகிறாய். டெக்சாஸில் அப்போது பகல் பதினொன்று. பின்னால் ஆபீஸ் சத்தம் இல்லை, குக்கர் விசில் கேட்கிறது. வீட்டில் இருந்தே வேலையாக இருக்கும் என்றாள் அம்மா. இருக்கும்.

வாத்தியார் வீட்டுப் பையனுக்குப் போன வருஷம் வேலை போனபோது 60 நாள்தான் டைம் என்றார்களாம். அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருந்து புதுசாக எடுக்கிற எச்-1பி ஆளுக்குக் கம்பெனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள், அதனால் ஒரு தரம் கிளம்பிவிட்டால் திரும்பிப் போவது கஷ்டம் என்கிறான். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். சம்பளம் குறைவுதான். தினமும் பஸ்ஸில் போய் வருகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி யாராவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன்.

பாஸ்வேர்டை மாற்று. வேளைக்குச் சாப்பிடு. கையில் காசு வைத்துக்கொள், அதுதான் முக்கியம்.

மாடி போர்ஷனில் இருந்தவர்கள் கார்த்திகையில் காலி செய்துவிட்டார்கள். வாடகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், பெயின்ட் அடிக்கணும் என்று சொல்லி அனுப்பினேன். உன் பேரில் போட்ட போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் இந்த மாசம் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை, எடுத்து உன் சேமிப்புக் கணக்கிலேயே போட்டு வைக்கிறேன். டிக்கெட்டுக்கோ எதற்கோ தேவைப்பட்டால் எடுத்துக்கொள். காரணம் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா