டர்போ காருக்குக் கடன் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டில் பழைய காருக்குக் கடன் வழங்கும் வங்கிகள், நிதி நிறுவனங்களின் கடன் ஒப்புதல் அதிகாரிகள்.

அன்புடையீர், வணக்கம்.

ஐம்பதாயிரம் சம்பளம் வாங்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை எப்படி வோக்ஸ்வாகனின் வேகமான சின்னக் கார் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஓட்டுகிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். பதில் உங்கள் மேஜையில் இருக்கிறது. புது வண்டி அந்தச் சம்பளத்துக்கு எட்டாது. 150 குதிரைத்திறன் கொண்ட வோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி.யோ ஸ்கோடா ஸ்லாவியாவோ வாங்கப் போனால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்கு மேல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். ஆகவே எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தியைக் கூட்டும் டர்போ வண்டியை, ஏழெட்டு வயதானதாகத் தேடுகிறார்கள். ஆறு, ஆறரை லட்சத்துக்கு முடிகிறது. மதிப்பில் எண்பது சதவீதம் வரை நீங்கள் தருகிறீர்கள். மீதிக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, ஏலச்சீட்டு தள்ளி எடுக்கப்படுகிறது, அல்லது செல்போன் ஆப்பில் ஒரு பர்சனல் லோன்.

வாங்குமுன் வண்டியைப் பார்த்துச் சொல்வதும், வாங்கியபின் பிரித்து மாட்டுவதும், ஆர்.டி.ஓ. காகிதம் முடித்துக் கொடுப்பதும் எங்கள் தொழில். வேகமான கார் மேல் ஆசைப்படுவதைக் குற்றம் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. உங்கள் ஒப்புதல் தாளில் தவணை ஒன்றுதான் தெரிகிறது. வண்டியின் மற்றச் செலவு எதுவும் தெரிவதில்லை. கடன் முறிவது அந்த மற்றச் செலவில்தான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஆறரை லட்சத்து வண்டி, கையிலிருந்து ஒன்றரை லட்சம், கடன் ஐந்து லட்சம், ஐந்து ஆண்டு, பிளாட் ரேட் 8 சதவீதம், அதாவது அசல் குறைந்தாலும் முழு ஐந்து லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி. தவணை 11,667 ரூபாய். சம்பளத்தில் கால் பங்குக்கும் குறைவு என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். இனி மற்றதைச் சேருங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர். சென்னை நெரிசலில் இந்த எஞ்சின் லிட்டருக்குப் பத்தரைக்கு மேல் தருவது அபூர்வம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 9,500. முழு இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு 24,000 என்றால் மாதம் 2,000. சர்வீஸ் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம், மாதம் 1,250. நாலு டயர் 32,000 ரூபாய், நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும், மாதம் 800. கியர்பாக்ஸுக்கென்று ஒதுக்க வேண்டியது 3,000 (காரணம் பின்னால் வருகிறது). கூட்டினால் 28,217. சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிற்று. வாடகையும் சாப்பாடும் இன்னும் வரவில்லை. முன்பணத்துக்கு ஆப் கடனும் எடுத்திருந்தால் அதன் தவணை தனி.

பிளாட் ரேட் விஷயத்துக்கு வருவோம். எட்டு சதவீதம் என்று கவுன்டரில் சொல்கிறீர்கள். கேட்பவர் அதைப் புதுக் காருக்கு வங்கி விளம்பரப்படுத்தும் ஒன்பது சதவீதத்தோடு ஒப்பிட்டு, பழைய காருக்கு வட்டி மலிவு என்று நினைத்துக்கொள்கிறார். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அந்த எட்டு ஏறக்குறைய 14 ஆகிவிடும். இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டியவர் 2,80,000 ரூபாய் கொடுத்திருப்பார். பாக்கி அசல் அப்போதும் சுமார் 3,40,000. வண்டியை விற்றுவிடலாம் என்று வரும் நாளில்தான் அவருக்கு இது தெரிகிறது. வாகனக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால் முன்கூட்டி அடைக்கவும் கட்டணம் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கொடுக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் முப்பது கையெழுத்துகளுக்கு நடுவே அதையும் ஒன்றாக நீட்டுகிறீர்கள். அந்த ஒரு தாளைத் தமிழில், தனியாக, முன்பணம் கைமாறுவதற்கு முந்தைய நாளே கொடுங்கள். மொத்த ஆண்டுச் செலவு விகிதம் என்ற வரியைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

இனி வண்டி. இந்த விலையில் இளைஞர்கள் தேடும் ஆட்டோமேட்டிக் டர்போக்கள் பலவற்றில் ஒரே கியர்பாக்ஸ்தான்: வோக்ஸ்வாகனின் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கான டி.எஸ்.ஜி., அதில் டி.கியூ.200 என்ற வகை. போலோ ஜி.டி. 1.2, ஆக்டேவியா 1.8, இப்போதைய 1.5 ஸ்லாவியா, விர்டஸ் எல்லாவற்றிலும் இதுதான். உள்ளே இரண்டு உலர் கிளட்ச். 1, 3, 5, 7 ஒரு கிளட்சில். 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொன்றில். எண்ணெயில் மூழ்காத கிளட்ச் என்பதால் சூட்டை இறக்க வழி குறைவு. மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் வரை சாயங்காலம் ஊர்ந்து பாருங்கள்: பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் முதல் கிளட்ச் பாதி பிடித்துத் தேய்கிறது. நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாங்கும் கிளட்ச், தினமும் அந்த ஓ.எம்.ஆர். சாலையில் ஊரும் வண்டியில் அதில் பாதியைத் தாண்டாமல் போவதுண்டு.

கிளட்சை விடப் பெரிய இடி மெக்கட்ரானிக்ஸ். பம்ப், வால்வு, கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே பெட்டியாகக் கியர்பாக்ஸோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதில் அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் இருக்கும் இடத்தில் அலுமினியக் கூடு விரிசல் விடும். எண்ணெய் கசியும், அழுத்தம் நிற்காது, பம்ப் ஓய்வில்லாமல் ஓடும். டேஷ்போர்டில் கியர் எழுத்து மினுக்கும், ஸ்கேனரில் பி17பிஎஃப் என்று வரும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். முழுப் பெட்டியையும் மாற்றினால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். கூட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கும் கடைகள் சென்னையிலும் கோவையிலும் உண்டு. செலவு மூன்றில் ஒரு பங்குக்குள் முடியும், ஆனால் வேலை தெரிந்த கை வேண்டும். 2013இல் இதே கியர்பாக்ஸின் சிந்தெடிக் எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்ற, உலகெங்கும் 16 லட்சம் கார்களை வோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில் பழைய எண்ணெய் மின் கோளாறு உண்டாக்கியதே காரணம். நம் ஊர் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும். வண்டி இரவெல்லாம் நின்று குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். அப்புறம் நெரிசலில் நாற்பது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அடுக்குமாடி வீட்டு பேஸ்மென்ட் சரிவில் ரிவர்ஸில் மெல்ல ஏற்ற வேண்டும். ரிவர்ஸில் உடம்பு அதிர்ந்தால் இரண்டாவது கிளட்ச் தேய்ந்திருக்கிறது. முதல் கியரில் ஊரும்போது குலுங்கினால் முதல் கிளட்ச். பிறகு ஸ்கேனரை மாட்டி, கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் அடாப்டேஷன் அளவுகளையும் பழுதுக் குறியீடுகளையும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பழுதும் எந்தக் கிலோமீட்டரில் பதிவானது என்பது அதன் கூடவே இருக்கும். மீட்டரில் 58,000 காட்டும் வண்டியில் 92,000 கிலோமீட்டரில் விழுந்த பழுது கிடக்கும். மீட்டரைத் திருப்பியவர் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைத் திருப்ப மறந்திருப்பார்.

இந்த வேலைக்கு மொத்தம் இரண்டு மணி நேரம், இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய். உங்கள் மதிப்பீட்டாளர் செய்வது என்ன? நாலு பக்கம் போட்டோ, மீட்டர் போட்டோ, ஆர்.சி. புத்தகம், சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சில் தேய்ப்பு. சேஸிஸ் எண் சரியாக இருந்தால் உங்கள் அடமானம் சரி. கியர்பாக்ஸ் செத்தால் அந்த அடமானத்தின் விலை சரியும் என்பதை உங்கள் படிவத்தில் எழுத இடமே இல்லை.

சென்னையில் இன்னொன்றும் உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் எங்கும் போய்விடவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏலத்தில் விட்டு, கழுவி, சீட் மாற்றி, வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், சுருளின் உள்ளே இருந்த பட்டையில் சேற்றுக் கோடு இருக்கும். பெல்ட்டைப் புதிதாக மாற்றியிருந்தால் ஸ்டெப்னி வைக்கும் குழி, டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஒயரிங் சாக்கெட்டின் பச்சைக் களிம்பு, சீட் தண்டவாள போல்ட்டின் துரு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதை யாரும் மாற்றுவதில்லை. டெல்லி வண்டிகளும் வருகின்றன; பத்து ஆண்டு தாண்டிய டீசலுக்கும் பதினைந்து தாண்டிய பெட்ரோலுக்கும் அங்கே விதித்த கட்டுப்பாட்டால் விலை இறங்கி, தெற்கே ஏறிவந்தவை. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), அதைக் கேட்கும் படிவம் 28, இங்கே மீண்டும் ஆயுள் வரி, பன்னிரண்டு மாதத்துக்குள் டி.என். பதிவெண். வெளிமாநில ஆர்.சி.யோடு கடனை விடுவிக்கும் முகவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். அந்த வரிப் பணத்தைப் பிள்ளை எங்கிருந்து கட்டும் என்று யாரும் கேட்பதில்லை.

இன்ஷூரன்ஸில் நடப்பது இதைவிட மோசம். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 ஆர்.டி.ஓ.வில் கிடக்கும், பாலிசி பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். கைமாறிய பதினான்கு நாளுக்குள் பாலிசியையும் மாற்றக் கேட்காவிட்டால், மோதினால் சொந்த வண்டிக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். இழப்பீடு கேட்காததற்காகப் பழையவருக்குக் கிடைத்த தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், அவரோடு போய்விடும், வாங்கியவர் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். அதை மறைத்து மலிவாக எடுத்த பாலிசி கிளெய்ம் நாளில் வெடிக்கும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணம் 2022இல் நிர்ணயித்தபடி 1000 முதல் 1500 சி.சி. வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய், அதற்கு மேலே 7,897. இதில் பேரம் கிடையாது. பேரம் நடப்பது ஐ.டி.வி.யில், அதாவது வண்டி முழுசாகப் போனால் கம்பெனி தரும் காப்பீட்டு மதிப்பில். பிரீமியம் குறைய வேண்டும் என்று முகவர் ஐ.டி.வி.யை மூன்று லட்சத்துக்கு இறக்குவார். வண்டி முழுசாகப் போனால் அந்த மூன்று லட்சம் முதலில் உங்களிடம் வரும். வண்டி இல்லாமலே மீதிக் கடனைப் பிள்ளை கட்டும். கடன் பாக்கிக்குக் கீழே ஐ.டி.வி. இருக்கும் பாலிசியை ஏற்க மாட்டோம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் இது நின்றுவிடும்.

ரீமேப் பற்றிச் சுருக்கமாக. லேப்டாப்பை மாட்டி எஞ்சினின் டார்க்கை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசையை, கூட்டுவது இந்த வயதில் எல்லோருக்கும் வரும் ஆசை. டி.கியூ.200 தாங்கும் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். 1.5 எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த 250ஐத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஏற்றுவது கிளட்சின் காசில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)இன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சொல்லாமல் செய்த மாற்றம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் நல்ல சாக்கு. வேகம்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் அதற்கென்றே தடம் இருக்கிறது, ஈ.சி.ஆர். அதற்கில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை. இரட்டைக் கிளட்ச் வண்டிக்குக் கடன் கேட்டு வந்தால் ஸ்கேன் அறிக்கை இல்லாமல் ஒப்புதல் தராதீர்கள். அதன் செலவைப் பிராசசிங் கட்டணத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். எட்டு வயது வண்டிக்கு ஐந்து ஆண்டுக் கடன் என்றால் கடைசித் தவணையின்போது அதற்கு வயது பதிமூன்று. தவணையைக் குறைத்துக் காட்ட ஆண்டைக் கூட்டாதீர்கள், மூன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் வங்கி என்றால் தவணையோடு மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. (தொடர் சேமிப்பு) சேர்த்துப் பிடியுங்கள், பட்டறை பில் காட்டினால் மட்டும் எடுக்கலாம் என்று வையுங்கள். மூன்று ஆண்டில் வட்டி நீங்கலாகவே 1,08,000 சேர்ந்திருக்கும். முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் எடுத்த ஆப் கடன் சிபில் அறிக்கையிலேயே இருக்கும், பார்த்தும் பார்க்காததுபோல் விடாதீர்கள். அதே விலையில் மேனுவல் கியர் மாருதி பலேனோ ஆர்.எஸ். கேட்டு வருபவருக்கும் டி.எஸ்.ஜி. கேட்டு வருபவருக்கும் ஒரே வட்டி போடுகிறீர்கள். 102 குதிரைத்திறன், ஐந்து கியர், எந்த ஊரிலும் கிளட்ச் மாற்ற ஆள் கிடைக்கும் வண்டி அது. ஆபத்து குறைந்த வண்டிக்கு அரை சதவீதம் குறைத்துப் பாருங்கள், பிள்ளைகள் தானாக அந்தப் பக்கம் திரும்புவார்கள். ஃபியட்டின் அபார்த் புன்டோ கேட்டு வருபவரிடம் மட்டும், உதிரி பாகம் எங்கே வாங்குவாய் என்று தயவுசெய்து கேளுங்கள். ஃபியட் இங்கிருந்து போய்ப் பல ஆண்டாகிறது.

கடைசியாக, அடைத்து முடித்தவர்களுக்கு கடன் தீர்ந்தது என்ற உங்கள் என்.ஓ.சி.யும் ஆர்.சி.யில் உங்கள் பெயரை நீக்கும் படிவம் 35உம் வாரக்கணக்கில் தாமதமாகின்றன. ஆர்.சி.யில் உங்கள் பெயர் நீங்காத வண்டியை வாங்க வருபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்கிறார். கணக்கு முடிந்த ஏழு நாளில் இரண்டையும் பதிவுத் தபாலில் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் பார்த்துச் சொல்லும், பழுது பார்க்கும், பெயர் மாற்றித் தரும் தொழிலில் இருக்கும் சிலர்,
சென்னை, கோவை.