தேனுவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தேனு,

இங்கே நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது "செட் ஆகலப்பா" என்றாய். எது என்று நான் கேட்பதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். அப்புறம் உன்னிடமிருந்து அழைப்பே இல்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி. ஸ்டேட்டஸ் வைக்க மட்டும் நேரம் கிடைக்கிறது.

அந்த 'செட்'டை எத்தனை வருஷம் வகுப்பில் நடத்தியிருப்பேன்! 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு அதுதான். வினைச்சொல்லுக்கு மட்டும் 430-க்கு மேல் பொருள். பிற்பாடு 'ரன்' 645 பொருளோடு அதை முந்திவிட்டது. சூரியன் மறைந்தாலும் செட், கேள்வித்தாள் தயாரித்தாலும் செட், முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்தாலும் செட். நம் பம்புசெட்டில் இருப்பது பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். இதைச் சொன்ன அன்று வகுப்பில் நீதான் முதலில் கை தூக்கிக் கேள்வி கேட்டாய். அப்போதே எனக்குப் பெருமை.

நீ சொன்னது வேலையையா, அந்த ஊரையா என்று அம்மா துளைத்தெடுக்கிறாள். குளிரைச் சொல்லியிருப்பாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாடி அறைக்கு வியாழக்கிழமை தளம் போட்டாச்சு. பார்வைக்கு மறுநாளே கெட்டியாகிவிட்டது. ஆனால் பலம் பிடிக்க 28 நாள் கணக்கு. அதற்குள் வெயிலில் காயவிட்டால் விரிசல் விழும். கொத்தனார் தளம் முழுக்கப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார். மேற்கு ஓரப் பாத்தி மட்டும் மதியத்துக்குள் வற்றிவிடுகிறது. அதற்கு நானே குடத்தில் தூக்கிப் போய் ஊற்றுகிறேன். முட்டி வலிக்கு ஒன்றுமில்லை, அம்மா சொல்வதைக் கேட்டுப் பயப்படாதே. சென்ட்ரிங் பிரிக்க இன்னும் நாள் இருக்கிறது.

அந்த அறை உனக்குத்தான். மாப்பிள்ளையோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி. இரண்டு நாளுக்கு வந்தாலும், எத்தனை மாதம் இருந்தாலும் உன் அறைதான். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

எதையும் அவசரப்பட்டு முடிவு செய்யாதே. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டும் இருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போவாள், திரும்ப ஒரு மணி நேரமாகும். அப்போது கூப்பிடு. வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா