வேலைக்குத் திரும்பும் நாளில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு யோசனைகள் என்று இந்த வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். முந்தைய நாள் இரவே பையை எடுத்து வையுங்கள், சீக்கிரம் தூங்குங்கள், எல்லா மின்னஞ்சலையும் முதல் நாளே படித்துத் தீர்க்க நினைக்காதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். எல்லாம் சரி. தண்ணீர் குடித்து யாரும் கெட்டுப்போனதில்லை. ஆனால் பண்டிகை மனநிலையிலிருந்து முழுக்க வெளியே வந்துவிடுங்கள், அலங்காரத்தையும் பாட்டையும் மூட்டைகட்டி உள்ளே வையுங்கள் என்று ஒரு வரி இருந்ததே, அது என்னைச் சுருக்கென்று தைத்துவிட்டது. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் போதாமல் வெட்டுவதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், நாய்கள் வரும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் கிறிஸ்துமஸ் பாட்டுகளைச் சேர்க்கிறவன். டிசம்பர் முழுக்கக் கடைகளிலும் லிஃப்ட்டிலும் திரும்பத் திரும்ப ஓடும் அந்த 20 பாட்டுகளை அல்ல. யாரும் போடாத பாட்டுகள், போட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன இது என்று திரும்பிப் பார்க்கிற பாட்டுகள். பழைய இசைத்தட்டுக் குவியல்களின் முன்னால் முட்டி வலிக்க உட்கார்ந்து தேடியது, வீடு காலி செய்தவர்கள் தூக்கிப் போட இருந்த கேசட் பெட்டியிலிருந்து எடுத்தது, நண்பர்கள் கேலியாக அனுப்பி நான் நிஜமாகவே சேமித்துக்கொண்டது என்று 15 வருஷமாகச் சேர்ந்து, இப்போது ஒரு ஹார்ட் டிஸ்கில் 600க்கு மேல் இருக்கின்றன. ஜிங்கிள் பெல்ஸ் மட்டும் 41 விதம். 42ஆவது கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

அந்த 41இல் ஒன்றை நாய்கள் பாடியிருக்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வைஸ்மன் பறவைகளின் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தவர். அவர் நாய்கள் குரைத்ததையும் ஒலிநாடாவில் பிடித்து, எந்தக் குரைப்பு எந்தச் சுருதியில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டி ஒரு மெட்டையே கொண்டுவந்துவிட்டார். இசைத்தட்டாக வெளிவந்தது 1955இல். கணினி கிடையாது, நாடாவும் வெட்டும் கருவியும் அசாத்தியப் பொறுமையும்தான். முதல் தடவை கேட்டால் சிரிப்பு வரும். பத்தாவது தடவை கேட்கும்போதுதான் ஒவ்வொரு ‘லொள்’ளும் தாளத்தில் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்பது உறைக்கும், அப்புறம் சிரிப்பு வராது, ஒருவித மரியாதை வந்துவிடும்.

விநோதப் பாட்டு என்றாலே மட்டமான பாட்டு என்று நினைக்கிறவர்களிடம் எனக்குப் பெரிய சண்டை உண்டு. 1958இல் ராஸ் பாக்தசாரியன், டேவிட் செவில் என்ற பெயரில், மெதுவாக ஓடும் நாடாவில் தன் குரலை நிதானமாகப் பதிந்து, பிறகு வேகத்தைக் கூட்டி ஓட்டி மூன்று அணில்களைப் பாடவைத்தார். கீச்சுக் குரல், குழந்தைகள் சமாச்சாரம், அவ்வளவுதானே என்று தள்ளிவிடலாம். அடுத்த வருஷம் நடந்த முதல் கிராமி விழாவில் அந்த ஒரு பாட்டுக்கு 3 விருதுகள், அதில் ஒன்று ஒலிப்பதிவின் தரத்துக்கு! 1953இல் கெய்லா பீவி என்ற 10 வயதுச் சிறுமி, கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு நீர்யானைதான் வேண்டும் என்று தொண்டை கிழியப் பாடினாள். பாட்டு பிரபலமாகி, அவளுடைய ஊரான ஓக்லஹோமா சிட்டியில் குழந்தைகளிடமெல்லாம் காசு திரட்டி, நிஜமாகவே ஒரு நீர்யானையை வரவழைத்துக் கொடுத்துவிட்டார்கள். மட்டில்டா என்று பெயர். அவள் அதை அங்கிருந்த மிருகக்காட்சிசாலைக்கே கொடுத்துவிட்டாள். பாட்டில் கேட்டது கையில் வந்து சேர்ந்த கதை வேறு எந்தப் பாடகருக்கு உண்டு, சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ஹவாய்ப் பாட்டு. பிங் கிராஸ்பியும் ஆண்ட்ரூஸ் சகோதரிகளும் 1950இல் பாடியது. அதில் வரும் ‘மேலே கலிகிமாகா’ என்பதை ஏதோ பழங்கால ஆசீர்வாதம் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அது ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’! ஹவாய் மொழியில் ர கிடையாது, ஸ கிடையாது, மெய்யெழுத்தில் சொல் முடியக் கூடாது, இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரக் கூடாது. அந்த இலக்கணத்துக்குள் விழுந்து எழுந்த ‘கிறிஸ்துமஸ்’தான் ‘கலிகிமாகா’. நம்மில் சிலர் ‘கிறித்துமசு’ என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். கட்டுரையாளர் சொல்வதுபோல இந்தப் பாட்டுகள் விடுமுறையைச் சேர்ந்தவை, வேலையோடு ஒட்டாதவை என்றால், அவை எப்போது, எப்படி உண்டாயின என்று கொஞ்சம் பார்க்க வேண்டாமா? பனியே பொழி பொழி என்று கெஞ்சும் ‘லெட் இட் ஸ்னோ’ எழுதப்பட்டது 1945 ஜூலையில், கலிஃபோர்னியாவில், வெயில் கொளுத்திய நாளில். கணப்பில் செஸ்ட்நட் கொட்டை வறுபடுவதைப் பாடும் ‘த கிறிஸ்துமஸ் சாங்’ கூட அதே வருஷம், அதே ஜூலை, அதே கலிஃபோர்னியா வெயில்தான். ‘வொயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டை கிராஸ்பி பதிவு செய்தது 1942 மே 29. அதை அச்சடித்து அச்சடித்து மூலத்தட்டே தேய்ந்துபோனதால் 1947 மார்ச்சில் அவரையே மறுபடி கூப்பிட்டு, முன்பு பாடியதுபோலவே பாடச் சொல்லிப் பதிந்தார்கள். இன்று பெரும்பாலும் நம் காதில் விழுவது அந்த இரண்டாவது பதிவுதான். யோசித்துப் பாருங்கள், வியர்வையோடு ஸ்டூடியோவுக்கு வந்து, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மணியை எடுத்து ஆட்டிவிட்டு, சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களின் பாட்டு இது. அவர்களுக்கு அது ஒரு வேலை நாள். அலுவலகத்துக்குள் நுழையும் தகுதி இந்தப் பாட்டுகளுக்கு இல்லையென்றால் வேறு எதற்கு இருக்கிறது?

வேலை நேரத்தில் வாசித்தவர்கள் என்றால் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். 1965 டிசம்பர் 16, ஜெமினி 6 விண்கலத்தில் வால்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும். தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு ஸ்டாஃபோர்ட் ரொம்பக் கவலையான குரலில் ஒரு தகவல் கொடுக்கிறார்: ஏதோ ஒரு கலம் வடக்கிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருக்கிறது, ஓட்டுகிறவர் சிவப்பு உடை போட்டிருக்கிறார் என்று. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன ஏது என்று நிதானிப்பதற்குள், ஒளித்துக் கொண்டுபோயிருந்த குட்டி ஹார்மோனிகாவில் ஷிரா ஜிங்கிள் பெல்ஸ் வாசிக்க, ஸ்டாஃபோர்ட் சின்ன மணிகளை ஆட்டுகிறார். விண்வெளியில் மனிதர்கள் வாசித்த முதல் இசைக்கருவிகள் அவை, இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என் 41இல் அதுவும் ஒன்று. சுருதி சுத்தமாக இல்லை. பூமியைச் சுற்றிக்கொண்டே யாராவது சுருதி சேர்த்துக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

அடுத்தது நாள்காட்டி. 26ஆம் தேதி காலையில் பாட்டை நிறுத்துவது கடைக்காரர்களின் கணக்கு. தேவாலய வழக்கத்தில் கிறிஸ்துமஸ் 25இல் தொடங்கி 12 நாள். பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றும் திருச்சபைகளுக்கு ஜனவரி 7ஆம் தேதிதான் கிறிஸ்துமஸே. ‘கேரல் ஆஃப் த பெல்ஸ்’ என்று விளம்பரங்களிலெல்லாம் படபடக்கிற பாட்டு இருக்கிறதே, அதன் மூலமான உக்ரேனியப் பாட்டில் மணியும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்குள் பறந்துவந்து, இந்த வருஷம் உனக்கு ஆட்டுக்குட்டிகள் பெருகப்போகின்றன என்று வீட்டுக்காரருக்கு நல்வாக்குச் சொல்கிற புத்தாண்டுப் பாட்டு அது. மிகோலா லியோன்டோவிச் சேர்ந்திசையாக அமைத்து 1916இல் கீவ் நகரில் முதலில் பாடினார்கள். 1936இல்தான் பீட்டர் வில்ஹவ்ஸ்கி ஆங்கிலச் சொற்களைப் போட்டு அதை மணிப் பாட்டாக்கினார். ஆக, நியாயமாகப் பார்த்தால் அது ஜனவரியில் கேட்க வேண்டிய பாட்டு, டிசம்பரில் போடுகிறவர்கள்தான் அவசரக்காரர்கள்.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புவதைப் பற்றி உங்கள் கட்டுரையாளரைவிட அக்கறையாக யோசித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். பழைய இங்கிலாந்தில் 12 நாள் கொண்டாட்டம் முடிந்த மறுநாள், அதாவது ஜனவரி 7, ‘புனித டிஸ்டாஃப் நாள்’. அப்படி ஒரு புனிதர் கிடையாது. டிஸ்டாஃப் என்பது நூற்பதற்கான நாரைச் சுற்றிவைக்கும் கோல், பெண்கள் அன்றைக்கு மறுபடி நூற்க உட்காருவார்கள் என்பதால் கோலையே புனிதராக்கிவிட்டார்கள். பெண்கள் நூற்க உட்கார்ந்தால் ஆண்கள் வந்து அந்த நாருக்குத் தீ வைக்கப் பார்ப்பார்களாம், பெண்கள் வாளித் தண்ணீரை எடுத்து அவர்கள் தலையில் ஊற்றுவார்களாம். (தண்ணீர் யோசனை அங்கேயும் இருந்திருக்கிறது பாருங்கள்.) ராபர்ட் ஹெரிக் என்ற கவிஞர் 1648இல் வெளியான தன் தொகுப்பில் இந்த நாளைப் பற்றி எழுதியிருக்கிறார், பாதி வேலை, பாதி விளையாட்டு என்று. ஆண்களுக்கு வேறொரு நாள், ஜனவரி 6 கழிந்து வரும் முதல் திங்கட்கிழமை, ‘ஏர்த் திங்கள்’. உழவர்கள் ஏரை வயலுக்குக் கொண்டுபோகாமல் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு பாட்டும் கூத்துமாகப் போய்க் காசு கேட்பார்கள். கொடுக்காத வீட்டின் வாசலை உழுதுவிட்டுப் போய்விடுவார்கள்.

எனக்கு இதைப் படித்தபோது என்னுடைய முதல் நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. கடவுச்சொல் மறந்து, மூன்று தடவை தப்பாக அடித்து, கணக்கு பூட்டப்பட்டு, அதைத் திறக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால் மின்னஞ்சலே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்ற நிலையில் ஒரு காலைப்பொழுதே போன வருஷம் உண்டு. முழுக் கொண்டாட்டத்திலிருந்து முழு வேலைக்கு ஒரே இரவில் தாவச் சொல்வதுதான் சிக்கல். நடுவில் ஒரு படி வேண்டும். என் நார்க்கோலும் ஏரும் இந்தப் பாட்டுகள்தான். ஜனவரி முதல் வேலை நாளிலிருந்து 12 நாள், தினமும் ஒரே ஒரு பாட்டு, மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்னால். பெரும்பாலும் 3 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முந்தைய நாள் இரவு எந்தப் பாட்டு என்று தேர்ந்தெடுத்து வைத்துவிடுவேன், அதனால் படுக்கும்போது ‘ஐயோ நாளைக்கு வேலை’ என்பதற்குப் பதிலாக ‘நாளைக்கு நீர்யானை’ என்று தோன்றும். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் எழுந்திருக்க முடிகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முழுக்கக் கடையில் நின்று ஒரு நாளைக்கு 8 மணி நேரம் அதே பாட்டுகளைக் கேட்டுக் காது புளித்தவரிடம் போய் ஜனவரியிலும் கேள் என்றால் அடிக்க வருவார், வர வேண்டியதுதான். மருத்துவமனையிலும் பேருந்திலும் பண்டிகை நாளன்றும் வேலை பார்த்தவர்களுக்குத் திரும்புவது என்ற பேச்சே கிடையாது, போனால்தானே திரும்புவதற்கு. அவர்கள் மேல் எதையும் திணிக்கச் சொல்லவில்லை. ஒலிபெருக்கி வேண்டாம், காதுக்குள் மட்டும் போதும். சொல்லப்போனால் அந்த 20 பாட்டுகளால் நொந்துபோன காதுக்குத்தான் விநோதப் பாட்டு சரியான மருந்து என்பது என் கட்சி, ஆனால் இதை அந்தக் கடைக்காரப் பையனிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இசைக்கென்று நீங்கள் ஒதுக்கும் பக்கத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பற்றிய கட்டுரை வருஷாவருஷம் டிசம்பர் 24 அன்று வருகிறது, எல்லோரும் பரபரப்பாக இருக்கும் அன்றைக்கு அதை யார் படிக்கிறார்கள்? அடுத்த முறை அதை ஜனவரி 7ஆம் தேதிக்குத் தள்ளிப் போடுங்கள். வேலைக்குத் திரும்புவோருக்கான யோசனைக் கட்டுரையையும் அதே பக்கத்தில் போட்டுவிடலாம், தண்ணீர் உட்பட.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை பக்கத்து இருக்கைக்காரர், என்ன இன்னுமா கிறிஸ்துமஸ் பாட்டு கேட்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்லாமல் ஒரு காதுக்கருவியை நீட்டினேன். நாய்கள் பாடி முடிக்கும்வரை முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்து, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நேற்றுச் சாயங்காலம் கிளம்பும்போது என் மேசைப் பக்கம் வந்து நின்று, பூனைகள் பாடியது ஏதாவது இருக்கிறதா என்றார்.

இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுபோகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்