எது கூடும், எது கூடாது: எழுத்தில் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஐயாமாரே, அம்மணிமாரே,

வீதியில் வாகனங்களை மறித்துச் சோதிப்பவர்களுக்கும், வாகனத்தில் செய்த மாற்றத்துக்குக் மோட்டார் போக்குவரத்துக் கந்தோரில் இருந்து அனுமதி தருபவர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். தனித்தனியே எழுதினால் நீங்கள் அவர்களைக் காட்டுவீர்கள், அவர்கள் உங்களைக் காட்டுவார்கள். நடுவில் நின்று நான் களைத்துவிட்டேன்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பூட்டியிருந்த மேலதிக சாமான்களைக் கழற்ற வைத்தீர்களே, அப்போதிருந்தே ஜீப் வைத்திருப்பவர்கள் மீதும் கண் விழுந்துவிட்டது. எதிரே வருபவனின் பார்வையைப் பறிக்கும் எல்ஈடி பார் லைட்டுகளையும் காதைக் கிழிக்கும் ஹோர்ன்களையும் பிடியுங்கள், கைதட்டுவோரில் நானும் ஒருவன். இரவில் கொழும்பு - காலி வீதியில் ஓடுகிற எவருக்கும் அந்தக் கொடுமை தெரியும். ஆனால் போன மாதம் என் வண்டியை மறித்தவர் லைட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. முன் மட்கார்டிலிருந்து கூரை வரை ஏறும் ஸ்னோர்க்கலை, அதாவது எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் குழாயைக் காட்டி, "மாத்தயா, இதைக் கழற்ற வேணும், இது கொம்பனியில் வந்தது இல்லை" என்றார்.

எந்தச் சட்டத்தில் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "கந்தோருக்குப் போய் அனுமதி எடுத்துக்கொண்டு வாங்க" என்றார். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். போனேன்.

இனி நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முதலாவது கவுண்டரில் என் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருக்கிறது. ஸ்னோர்க்கலுக்குக் கட்டம் இல்லை. எழுத இடமில்லாதபடியால் அது மாற்றமா இல்லையா என்று தங்களால் சொல்ல முடியாதாம். இரண்டாவது கவுண்டருக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர், வண்டியின் ஏஜென்டிடமிருந்து ஆட்சேபனை இல்லையென்று கடிதம் வேண்டும் என்றார். ஏஜென்டிடம் போனால், "இது நாங்கள் இறக்கின வண்டி இல்லை, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தது, கடிதம் தர ஏலாது" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. திரும்பி வந்து சொன்னேன். அப்படியானால் வேலை செய்த கராஜின் பில்லைக் கொண்டுவரச் சொன்னார்கள். வேலை நடந்த கராஜ் தெஹிவளையில் என் வீட்டுப் பின்முற்றம். வேலை செய்த பாஸ், அதாவது மெக்கானிக், நான். எனக்கு நானே பில் எழுதித் தரலாமா என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். கோப்பு மட்டும் அசையவில்லை. கடைசியில், "கழற்றிவிட்டு ஓடுங்க, பிரச்சினை இல்லை" என்று ஆலோசனை சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

பிரச்சினை இருக்கிறது ஐயா. இது உரித்தெடுக்கிற ஸ்டிக்கர் இல்லை. கழற்றினால் மட்கார்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை மிஞ்சும். தொண்ணூறுகளில் வந்த என் பஜெரோ ஜீப்புக்கு ஓட்டையில்லாத மட்கார்ட் வேண்டுமென்றால், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கிடைப்பது வேறு நிறத்தில் இருக்கும். பிறகு டிங்கரிங், பெயின்ட். வண்டியின் நிறம் மாறிப்போனாலும் பரவாயில்லை, அதற்காவது புத்தகத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.

அந்தக் குழாய் ஏன் அங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீசல் எஞ்சின் தான் இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெரிக்கும். தண்ணீர் அப்படி நெரிபடாது. வெள்ளத்தில் போகும்போது காற்று போகிற வழியால் தண்ணீர் உள்ளே போனால், பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ரொட் வளையும். சிலவேளை புளொக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். காற்றை எடுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோவதுதான் ஸ்னோர்க்கலின் முழு வேலையும். அதனால் வண்டிக்கு வேகம் கூடாது, எவருடைய கண்ணும் கூசாது. இதோடு, எஞ்சினின் சக்தியைச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷலின் மூச்சுக் குழாயையும் நீட்டி எஞ்சின் அறைக்குள் ஏற்றியிருக்கிறேன். ஓடிச் சூடான டிஃபரன்ஷல் சட்டென்று வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, ஒயில் சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த முறை வடிக்கும்போது ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி வரும். சில அடி ரப்பர் ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டால் தீர்கிற காரியம். இதுவும் கொம்பனியில் வந்தது இல்லை. ஆனால் வண்டிக்குக் கீழே இருப்பதால் தப்பிவிட்டது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தது. களனி கங்கை பெருகி கொலன்னாவையும் கடுவெலயும் தண்ணீருக்குள் கிடந்தபோது, உயரமான வண்டி யாரிடம் இருக்கிறது, ஸ்னோர்க்கல் போட்டது யாரிடம் இருக்கிறது என்று தேடித் தேடித் தொலைபேசி எடுத்தார்கள். எடுத்தவர்களில் அரச உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். எவரும் கராஜ் பில் கேட்கவில்லை. மலைநாட்டில் மண்சரிந்து பாதை அறுந்த தோட்டங்களுக்கு அரிசியும் பருப்பும் பால்மாவும் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போயின. அவற்றில் பலவற்றின் வின்ச், அதாவது கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி, வீட்டு முற்றத்தில் பூட்டியது, இழுவைக் கொக்கி தெரிந்த வெல்டிங்காரர் ஒட்டித் தந்தது. அப்போது எங்களுக்குப் பெயர் தொண்டர்கள். வெயில் வந்ததும் சட்டத்தை மீறியவர்களாகிவிட்டோம். அடுத்த மழைக்கு எந்தப் பெயரில் கூப்பிடுவீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் உதவியாக இருக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். எது கூடும், எது கூடாது, கூடுமென்றால் எந்தப் படிவத்தில் யாரிடம் காட்ட வேண்டும் என்பதை ஒரே பட்டியலாக எழுத்தில் தாருங்கள். மறிப்பவர் கையிலும் அனுமதி தருபவர் மேசையிலும் அதே பட்டியல் இருக்கட்டும்.

ஏன் கராஜுக்குக் கொடுக்காமல் சொந்தக் கையால் செய்கிறாய் என்று உங்களில் ஒருவர் கேட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 வந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360 வரை ஏறியது. கையில் இருக்கிற வண்டியைச் சாகாமல் வைத்திருக்க எங்களில் பலர் ஸ்பெனர் பிடிக்கப் பழகியது அந்த நாட்களில்தான். என் வண்டியில் இருப்பது 4டி56 எஞ்சின். அதில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ரொக்கர் ஆர்ம்கள் உடையும். பெல்ட்டையும் உள்ளே ஒளிந்திருக்கும் பலன்சர் பெல்ட்டையும் நானே மாற்றுகிறேன். மாற்றின திகதியையும் மீட்டர் வாசிப்பையும் கொப்பியில் எழுதி வைக்கிறேன். லேத் வேலை ஏதும் வந்தால் ஆமர் வீதிப் பக்கம் கொண்டுபோவேன். பில் என்று கேட்டால் அங்கே சிகரெட் பெட்டி மட்டையில் எழுதித் தருவார்கள். அதை ஏற்றுக்கொள்வீர்களா?

சொந்தக் கையால் செய்கிற எல்லாமே சரி என்று வாதாட நான் வரவில்லை. ஆபத்தான வேலைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை நீங்கள் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 29 அங்குலம் உயரமான 235/75 ஆர்15 டயரைக் கழற்றி 31 அங்குல டயர் போட்டால், மீட்டர் மணிக்கு 70 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 75-இல் ஓடும். ஊர்மனைக்கு வெளியே சாதாரண வீதியில் சட்டம் விட்ட வேகம் 70. எந்தச் சோதனையில் இதைக் கேட்டிருக்கிறீர்கள்? முன்பக்கத்தில் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் டோர்ஷன் பாரை அளவுக்கு மிஞ்சி முறுக்கி வண்டியை உயர்த்தியவனின், சில்லைத் தாங்கும் போல் ஜொயின்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது, பிரேக் ஹோஸ் இழுபட்டுக் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தவர் யார்? சேற்றில் புதைந்த வண்டியை, டிரெய்லர் கொளுவுகிற இரும்பு உருண்டையில் கயிறு போட்டு இழுக்கிறார்கள். அது முறிந்து பறந்தால் ஆளைக் கொல்லும். தனியார் ஜீப்புக்கு வருடாவருடம் நீங்கள் கேட்பது புகைச் சான்றிதழும் காப்புறுதியும் மட்டும். புகைக் குழாயில் கருவியைச் சொருகிப் பார்க்கிறவர்கள் ஒரு நாளாவது கீழே டோர்ச் அடித்துப் பார்த்திருந்தால், நான் இந்த மடலில் பாதியை எழுதியிருக்க மாட்டேன்.

அவுஸ்திரேலியாவில் இதற்கென்றே விஎஸ்பி 14 என்ற கையேட்டை வெளியிட்டிருக்கிறார்கள். எஞ்சின், பிரேக், இருக்கை, சஸ்பென்ஷன் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, எதை நீயே செய்யலாம், எதற்குப் பொறியியலாளரின் சான்று வேண்டும் என்று எழுதி, எவரும் இலவசமாக எடுத்து வாசிக்க விட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய புத்தகம் வேண்டாம். எங்களுக்கு நாலு பக்கம் போதும்.

அந்த நாலு பக்கம் தமிழிலும் வரட்டும். போன மாதம் மறித்தவர் என் கையில் தந்த துண்டு சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், ஆகவே எனக்கு வில்லங்கம் இல்லை. ஆனால் தமிழும் அரசகரும மொழி என்று 1987-இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறார்கள், துண்டுக்கு இன்னும் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. வண்டியை மறித்தால் எல்லாக் கடதாசியும் கையில் இருக்க வேண்டும் என்பதைக் கொழும்புத் தமிழருக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. சோதனைச் சாவடிகளில் நின்று படித்த பாடம் அது. இருக்கிற கடதாசியைக் கேட்டால் காட்டுவோம். நீங்கள் இன்னும் அச்சடிக்காத கடதாசியை எங்கே போய் எடுப்பது? என்னை ஓரங்கட்டி நிறுத்தியிருந்த நேரத்தில் பின் டயர் மொட்டையாகத் தேய்ந்த பஸ் ஒன்று கறுப்புப் புகை கக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் தாண்டிப் போனது. ஸ்னோர்க்கல் இல்லாத வண்டி, ஆகவே அதில் குறை ஒன்றும் இல்லைப்போலும்.

சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன், மன்னியுங்கள். மறித்த உத்தியோகத்தர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையிலும் ஒரு பட்டியல் இருந்திருந்தால் அவரும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பார்.

ஆகவே தாழ்மையுடன் மறுபடியும் கேட்கிறேன். எது கூடும், எது கூடாது என்பதை எழுத்தில் தாருங்கள். வீட்டில் செய்த வேலைக்குப் பில் கேட்காமல், வேலையைப் பார்த்து மதிப்பிடும் பரிசோதகர் ஒருவரை நியமியுங்கள். நியாயமான கட்டணம் அறவிடுங்கள், கட்டுகிறேன். அவர் பிழை என்று காட்டினால் அங்கேயே கழற்றுகிறேன், ஸ்பெனர் வண்டியில்தான் இருக்கிறது. அதுவரைக்கும் ஸ்னோர்க்கலுக்காக மறிப்பதை நிறுத்தி வையுங்கள். வைகாசியில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும், ஓட்டை மட்கார்டுடன் அதைச் சந்திக்க எனக்கு விருப்பமில்லை.

வண்டியை எந்த நாளில் எங்கே கொண்டுவர வேண்டும் என்று அறியத் தாருங்கள். கீழே படுத்துப் பார்க்கப் பாயும் டோர்ச்சும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தெஹிவளையிலிருந்து ஒரு பழைய பஜெரோவின் உரிமையாளர்